பழைய புல்லட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தேன்: 1,38,000 ரூபாயும் போனது, அசல் பாகங்களும் போயின

1,38,000 ரூபாய். தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பித்துத் தருவதாக வீடியோ போட்டு ஆள் பிடிக்கும் ஒரு பட்டறைக்கு நான் கொடுத்த பணம் அது. வெளியூர் இல்லை, நம் குமரி மாவட்டத்திலேயே இருக்கும் பட்டறை. புகார் மனு தயாராகிக்கொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் இப்படிப்பட்ட பட்டறைகள் நம்மை எப்படி வளைக்கின்றன என்பதை நாலு பேர் தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

வண்டி என் அப்பாவுடையது. 1974-ஆம் ஆண்டு புல்லட் 350. திருவொற்றியூர் ஆலையில் செய்தது. வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பின்னால் இரு பக்கமும் தகரப் பெட்டி பொருத்தி, கன்னியாகுமரியிலிருந்து காசி வரை அதில் போய் வந்தவர் அவர். அன்று அது 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஒரு முனை கன்னியாகுமரி, மறுமுனை வாரணாசி. 2003-இல் அவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு, மணவாளக்குறிச்சி வீட்டின் சாய்ப்பில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்றும் ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் குரோமை எல்லாம் பொரித்து எடுத்துவிட்டன. அப்பா இறந்த பின், அதே வண்டியில் அதே வழியில் நானும் காசி போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் இந்த வேலையே.

அந்தப் பட்டறைக்காரன் வீட்டுக்கு வந்த நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அன்று அவன் செய்தது, சொன்னது எல்லாமே சரி. நின்ற வண்டியைப் பார்க்கிற யாரும் முதலில் கிக்கரைத்தான் மிதிப்பார்கள். அவன் மிதிக்கவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான், துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டான், "இரண்டு நாள் ஊறட்டும் அண்ணே. ரிங் சிலிண்டரோடு துருவில் ஒட்டியிருக்கும். இப்போது மிதித்தால் உள்ளே கீறிவிடும்" என்றான். கார்புரேட்டரைத் திறந்து, பழைய பெட்ரோல் வற்றிப் பிசினாகி ஜெட்டை அடைத்திருப்பதைக் காட்டினான். பிறகு பெட்ரோல் டேங்க் அருகே குனிந்து, அதில் ஓடும் பொன்னிறக் கோட்டின் மேல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தான். முழங்கால் படும் இடத்துக்கு மேலே அந்தக் கோடு லேசாக நெளிந்திருக்கும். தூரிகை பிடித்த கை அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கியிருக்க வேண்டும். "திருவொற்றியூரில் கையால் இழுத்த கோடு அண்ணே இது. இதை நான் தொடவே மாட்டேன். உள்ளே இருக்கும் துருவை மட்டும் எடுத்துப் பூச்சு கொடுத்துவிடுகிறேன்" என்றான். அம்மா அவனுக்குச் சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் கொடுத்தார்கள். அப்பாவின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். தொழில் தெரிந்தவன் வேண்டுமென்றே ஏமாற்றுவான் என்று எப்படி நினைப்பது?

முன்பணம் 40,000. இன்ஜின் போரிங் (தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சற்றுப் பெரிதாக்குவது), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், குரோம் பூச்சு என்று 50,000. விண்டேஜ், அதாவது மிகப் பழைய வண்டி என்ற பதிவுக்கான கட்டணம் என்று 20,000. வண்டியை எடுக்கும்போது 28,000. எல்லாம் கைப்பேசி வழியாக அனுப்பியதுதான். ரசீது கேட்டபோதெல்லாம் "மொத்தமாகப் போட்டுத் தருகிறேன் அண்ணே" என்றான். ஓணத்துக்கு முடியும் என்றது கிறிஸ்துமஸுக்குத்தான் முடிந்தது. இடையில் அனுப்பிய படங்களில் இருந்த இன்ஜின் வேறு யாருடைய வண்டியுடையதோ!

வந்த வண்டி பளபளவென்றுதான் இருந்தது. கறுப்பு மின்னியது, குரோமில் முகம் தெரிந்தது. டேங்க்கைத் தொட்டுப் பார்த்த அம்மாதான் முதலில், "இது அப்பாவின் டேங்க் இல்லையே" என்றார்கள். நான் குனிந்து பார்த்தேன். கோடு நூல் பிடித்தது போல் நேராக ஓடியது. ஓரத்தில் நகத்தால் நெம்பினேன், பட்டையாக உரிந்து வந்தது. ஸ்டிக்கர். ஸ்பீடோமீட்டரும் புதியது. அப்பா ஓட்டிய கிலோமீட்டர் எல்லாம் அழிந்து, பூஜ்யத்தில் நின்றது எண். தகரப் பெட்டிகளைக் காணவில்லை.

பாகங்கள் போனதோடு முடியவில்லை. நாகர்கோவிலைத் தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு ஓட்டம் போனேன். தோவாளை தாண்டியதும் அடியிலிருந்து 'டக் டக்' என்று சத்தம், பின்னால் நீலப்புகை. சிறிது தூரத்தில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. வண்டியை டெம்போவில் ஏற்றிக் கோட்டாறு பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வேலை செய்பவர் என்றால் அவரைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிலிண்டரில் போரிங்கே செய்யவில்லை. துருப் பள்ளங்கள் அப்படியே இருக்க, எமரித் தாளால் தேய்த்துவிட்டுப் பழைய பிஸ்டனில் புது ரிங்கை மட்டும் மாட்டியிருந்தான். அதைவிடக் கொடுமை கீழே இருந்தது. புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி, இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸுக்குள்ளேயே அமைந்தது. ஆண்டுக்கணக்கில் நின்ற எண்ணெய் அதன் அடியில் சேறாகப் படிந்துவிடும். இன்ஜினை முழுதாகப் பிரித்து அதை வழித்தெடுக்காமல் மேலே புது எண்ணெயை ஊற்றினால், சேறு இளகி, பிக் எண்டுக்கு (பிஸ்டனின் தண்டு கிராங்க்கோடு சேரும் இடம்) எண்ணெய் போகும் துளையை அடைக்கும். அதுதான் நடந்திருக்கிறது. மெக்கானிக் அந்தக் கறுப்புச் சேற்றை விரலில் எடுத்து என் உள்ளங்கையில் தடவினார். "தம்பி, இந்த இன்ஜினின் கீழ்ப்பகுதியை யாரும் திறக்கவே இல்லை" என்றார். 1,38,000 ரூபாய் வாங்கியவன் திறக்கவே இல்லை!

உடனே அவனைக் கூப்பிட்டேன். "புது ரிங் அண்ணே, வேகமாக ஓட்டியிருப்பீர்கள்" என்றான். டேங்க்கைப் பற்றிக் கேட்டால், "பழையது ஓட்டை விழுந்துவிட்டது, உங்களிடம் சொன்னேனே" என்றான். சொல்லவில்லை. ஓட்டை டேங்க்காக இருந்தாலும் அதையே கொடு என்றேன். பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்றான். மறுநாளிலிருந்து, குரோம் வேலைக்காக மதுரை போயிருக்கிறேன், பிறகு வீட்டில் சாவு, பிறகு போனை எடுப்பது ஒரு பையன். நேரில் போனால், "அண்ணன் இப்போதுதான் வெளியே போனார்" என்று பட்டறைக்குள் இருந்து ஒரு குரல். உள்ளே என்னைப் போல் இன்னொருவரின் பழைய வண்டி பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது.

இதையெல்லாம்கூடச் சகித்திருப்பேன். நேற்று மாலை, பழைய பொருள் விற்கும் இணையதளம் ஒன்றில் புல்லட் டேங்க் தேடினேன். அங்கே இருந்தது அப்பாவின் டேங்க். அதே நெளிவு, அதே இடத்தில். 'அசல் எழுபதுகள், கைக்கோடு, துளை இல்லை' என்று எழுதி 22,000 ரூபாய் விலை. துளை இல்லையாம்! விற்பவருக்குச் செய்தி அனுப்பினேன், என் பெயரைப் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது, சிறிது நேரத்தில் விளம்பரமே மறைந்துவிட்டது. நல்லவேளை, படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பதிவுக்கென்று வாங்கிய 20,000-க்கும் இதே கதைதான். 50 ஆண்டுகளுக்கு மேலான வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் என் வண்டிக்காக ஒரு விண்ணப்பமும் இல்லை. அந்த விதியின் முதல் நிபந்தனையே வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது. அசல் பாகங்களை உருவி விற்றுவிட்டு, அசல் வண்டிக்கான பதிவுக் கட்டணத்தையும் வாங்கியிருக்கிறான் பாருங்கள்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில. வண்டியைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பாகத்தையும் கிட்டத்தில் படம் எடுங்கள். டேங்க்குக்கு அடியிலும் ஸ்பீடோமீட்டருக்குப் பின்னாலும் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஓர் அடையாளம் போடுங்கள். இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். மாற்றிய பழைய பாகம் கைக்கு வராமல் அடுத்த தவணை கொடுக்காதீர்கள். போரிங் செய்ததாகச் சொன்னால் லேத் பட்டறையின் ரசீதைக் கேளுங்கள். முடிந்தால் இன்ஜின் பிரித்திருக்கும்போது நேரில் போய் நில்லுங்கள். பதிவுக் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள்.

திங்கள்கிழமை காவல் நிலையம், அதன்பின் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிவு செய்துவிட்டேன். 1,38,000 ரூபாயும் வேண்டும், அந்த டேங்க்கும் வேண்டும். அந்த டேங்க்கைத் தெரியாமல் வாங்கியவர் இதைப் படித்தால், நீங்கள் கொடுத்த விலையை நான் தருகிறேன், தயவுசெய்து மேலே பெயின்ட் அடித்துவிடாதீர்கள். இதே மாதிரிப் பட்டறையில் வண்டி கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.