ஸ்டார்ம்க்ளோக்கா, பேரரசா: ஸ்கைரிமோடு நெடுநாள் பழகிய பிறகு

2011 நவம்பர் 11 அன்று வந்த கேம் ஸ்கைரிம்; கதை நடக்கும் நாட்டின் பெயரும் அதுதான். 2016-ல் ஸ்பெஷல் எடிஷன், 2021-ல் ஆனிவர்சரி எடிஷன் என்று மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கிறது. நானும் விட்டுவிட்டு மறுபடி மறுபடி அதற்குத் திரும்பிக்கொண்டே இருக்கிறேன். அதை ஆடியவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் "நீ எந்தப் பக்கம்?" என்பதில்தான் போய் நிற்கும். கிராஃபிக்ஸ், சண்டை, ரசிகர்கள் செய்துபோடும் மாற்றங்களான மாட்கள் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. இங்கே கட்சிகளைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். கதையின் ரகசியமெல்லாம் உடையும். இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள்.

சண்டையின் வேர் இதுதான். எல்ஃப்களின் ஆல்ட்மெரி டொமினியனோடு நடந்த பெரும்போர் நான்காம் யுகம் 175-ல் முடிகிறது. ஸ்கைரிமையும் ஆளும் பேரரசு வொயிட்-கோல்ட் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுகிறது. அதன்படி ஸ்கைரிமின் நார்ட் மக்கள் கும்பிடும் டாலோஸ் வழிபாட்டுக்குத் தடை. டொமினியனை ஆளும் தால்மோர் ஆட்கள் ஸ்கைரிமுக்குள்ளேயே சுற்றித் திரிந்து, கும்பிடுகிறவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இதை எதிர்த்து எழுந்தவர் உல்ஃப்ரிக்; அவருடைய கிளர்ச்சிப் படைதான் ஸ்டார்ம்க்ளோக். உயர் அரசன் டோரிக்கைத் தனிச்சண்டைக்கு அழைத்துக் கொல்கிறார். நாம் கதைக்குள் வருவது 201-ல், உள்நாட்டுப் போர் நடுவே.

ஹெல்கென் ஊரில் பெயர்ப் பட்டியலிலேயே இல்லாத நம்மை வெட்டுமேடைக்கு அனுப்புகிறாள் பேரரசின் கேப்டன். அதைப் பார்த்த எவருக்கும் அந்த நிமிஷமே ஸ்டார்ம்க்ளோக் பக்கம் மனசு சாயும். சாயவேண்டும் என்றுதான் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கோபத்தோடு நேரே உல்ஃப்ரிக்கின் விண்ட்ஹெல்முக்குப் போங்கள். கேட்டைத் தாண்டியதும் இரண்டு நார்ட் ஆட்கள் டன்மர் என்ற கரிய எல்ஃப் இனத்துப் பெண் ஒருத்தியை மடக்கி நிற்பார்கள். எங்கள் சோற்றைத் தின்கிறீர்கள், ஊரை நாறடிக்கிறீர்கள், ஸ்டார்ம்க்ளோக்குக்கு உதவ மட்டும் மாட்டீர்களா என்று கேட்பார்கள். இது எங்கள் சண்டை இல்லை, அதனால்தான் பக்கம் எடுக்கவில்லை என்பாள் சுவாரிஸ். உடனே அவளைப் பேரரசின் உளவாளி ஆக்கிவிடுவார்கள். அவர்கள் போனபின் பக்கத்தில் போனால், நீயும் எங்களை வெறுக்கிறவனா என்றுதான் முதலில் கேட்பாள். டன்மர் மக்கள் கிரே குவார்ட்டர் என்ற குறுகலான சந்துகளில் முடங்கிக் கிடக்கிறார்கள். பல்லி மனிதர்களான ஆர்கோனியன்களுக்கு மதிலுக்குள்ளேயே இடமில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கி, நார்ட் ஆளுக்குக் கிடைக்கும் கூலியில் சொற்பத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே படுத்துக்கொள்கிறார்கள்.

இந்த இடம் முழுசாகப் புரிய 2002-ல் வந்த மொரோவிண்டையும் ஆடியிருக்க வேண்டும். அதில் ஆர்கோனியன்களைக் கையில் காப்பு மாட்டி அடிமையாக வைத்திருப்பவர்கள் இதே டன்மர்கள்தான். சாவியைத் தேடி எடுத்து ஒவ்வொருவராக விடுவிக்கலாம். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். பிறகு ரெட் மவுண்டன் வெடித்து, ஆர்கோனியன் படையும் உள்ளே நுழைந்து, டன்மர்கள் அகதிகளாக ஸ்கைரிமுக்கு ஓடிவருகிறார்கள். எஜமானும் அடிமையும் ஒரே ஊரில், மதிலுக்கு உள்ளேயும் வெளியேயுமாக, இரண்டு பேருமே வேண்டாதவர்களாக. ஒரே கேமுக்குள் முடிகிற கதையில் இந்தக் கனம் வரவே வராது.

அதற்காகப் பேரரசு யோக்கியம் என்று சொல்லவில்லை. பேரரசின் கையில் இருக்கும் சாலிட்யூடுக்குள் நுழைந்ததும் நாம் பார்ப்பது ஒரு தலைவெட்டு. உல்ஃப்ரிக் வெளியேறக் கதவைத் திறந்துவிட்ட காவலாளி ராக்விருக்கு அந்தத் தண்டனை. ஆனால் அதே ஊரில் டோரிக்கின் விதவை எலிசிஃப் நம்மிடம் ஒரு காரியம் சொல்வாள். கணவனின் போர்க்கொம்பைக் கொண்டுபோய் டாலோஸ் சந்நிதியில் வைக்க வேண்டும். தடை போட்ட தரப்பின் தலைமகள், தடைசெய்யப்பட்ட சாமிக்கே ரகசியமாகக் காணிக்கை அனுப்புகிறாள்! பெரிய சண்டைக் காட்சிகள் எத்தனையோ இருந்தும், பேரரசின் பக்கம் நிற்கிற நார்ட் மக்களின் மனசை எனக்குக் காட்டியது இந்தச் சின்ன குவெஸ்ட்தான்.

விவாதத்தில் எல்லோரும் கடைசியில் எடுத்து வீசும் ஆதாரம் தால்மோர் தூதரகத்தில் கிடைக்கும் உல்ஃப்ரிக்கின் கோப்பு. பெரும்போரில் தால்மோரிடம் சிக்கிய உல்ஃப்ரிக்கை விசாரித்தவள் எலென்வென், இப்போது தால்மோரின் தூதர். அவர் வாயிலிருந்து வந்த தகவலால்தான் தலைநகரம் விழுந்தது என்று அவரை நம்பவைத்திருக்கிறார்கள். உண்மையில் அவர் வாய் திறப்பதற்கு முன்பே நகரம் விழுந்துவிட்டது. பிறகு தப்பிப்பதுபோல் தப்பிக்க விட்டிருக்கிறார்கள். இதைக் காட்டி உல்ஃப்ரிக்கைத் தால்மோரின் கைக்கூலி என்பவர்கள் மீதிப் பத்தியையும் படிக்க வேண்டும். அவர் இப்போது நேரடித் தொடர்புக்கு ஒத்துழைப்பதில்லை என்றும், ஸ்டார்ம்க்ளோக் ஜெயிப்பதும் தவிர்க்கப்பட வேண்டியது என்றும் அதிலேயே இருக்கிறது. தால்மோருக்கு வேண்டியது போர் நீள்வது. அப்படியென்றால் சீக்கிரம் முடிக்கிற எந்தப் பக்கமும் அவர்களுக்கு நஷ்டம்தானே? இந்தக் காகிதம் விவாதத்தை முடிக்காமல் இன்னும் கிளறிவிடுகிறது. அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

ஸ்டார்ம்க்ளோக் தரப்பின் வலுவான வாதம் ஹாமர்ஃபெல் என்ற பக்கத்து நாடு. உடன்படிக்கையை ஏற்க மறுத்தார்கள், பேரரசு கைவிட்டது, தனியாகவே போராடி 180-ல் டொமினியனைத் திருப்பி அனுப்பினார்கள். நார்ட்களால் மட்டும் முடியாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இது. ஹாமர்ஃபெல்லில் தலைமுறை தலைமுறையாக முட்டிக்கொண்டிருந்த கிரவுன், ஃபோர்பேர் என்ற இரண்டு கட்சிகளும் பெரும்போர் நடக்கும்போதே கைகோத்துவிட்டன. உல்ஃப்ரிக் செய்தது இதற்கு நேரெதிர்: அண்ணன் தம்பிகளாக இருந்த நார்ட்களை இரண்டாக்கிவிட்டு, தால்மோரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அதனால் நான் பேரரசின் பக்கம். எத்தனை முறை ஆடினாலும் இதில் எனக்கு மாற்றமில்லை.

ஆனால் இந்த இரண்டு கட்சிச் சண்டை ஸ்கைரிமின் சிறந்த தார்மீகச் சிக்கல் கிடையாது. அது மார்கார்த் என்ற ஊரில் இருக்கிறது. சந்தையில் ஒரு பெண்ணைக் கத்தியால் குத்துகிறார்கள். என்ன ஏது என்று துருவப் போனால், குழந்தை பிறக்கப்போகிற நேரத்தில் நம்மிடம் உதவி கேட்ட எல்ட்ரிஸ் பிணமாகக் கிடப்பான், நாம் சிட்னா சுரங்கச் சிறையில் கிடப்போம். உள்ளே பிரைக் என்ற கைதி, அந்தப் பகுதியின் கிளர்ச்சிக் கூட்டமான ஃபோர்ஸ்வோர்னைச் சேர்ந்தவன், தன் கதையைச் சொல்வான். அப்பாவை விட்டுவிட்டு என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவன் மகள் கெஞ்சியிருக்கிறாள். அவள் தலையை வெட்டி, அதை அவனைப் பார்க்கவைத்து, அப்புறம் அவனையும் சுரங்கத்தில் தள்ளிவிட்டார்கள். இதைக் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும். ஃபோர்ஸ்வோர்ன் தலைவன் மடனாக்கைக் கொன்றால், ஊரையே விலைக்கு வாங்கி வைத்திருக்கும் தோனர் நம் கையில் மோதிரத்தைக் கொடுத்து அனுப்புவான். மடனாக்கோடு சேர்ந்து தப்பினால் தோனர் சாவான், தெருவில் காவலர்களும் சாவார்கள். எதைச் செய்தாலும் எல்ட்ரிஸின் குழந்தைக்கு அப்பா இல்லை. மூன்றாவது வழியைத் தேடிப் பழைய சேவ் ஃபைலை எத்தனை தடவை திறந்தாலும், அப்படி ஒன்று கிடையாது.

குறை என்று பார்த்தால், போருக்கு விளைவு போதாது. கோட்டை பிடி, அடுத்த கோட்டை பிடி என்று ஒரே மாதிரி ஓடுகிறது. ஜெயித்தபின் சில ஊர்களில் தலைவர் மாறுகிறார், காவலர் உடை மாறுகிறது, அவ்வளவுதான். விதிவிலக்கு வொயிட்ரன். ஸ்டார்ம்க்ளோக்காக அந்த ஊரைப் பிடித்தால், ஆரம்பம் முதல் நம்மை மதித்த அதன் தலைவர் பால்க்ரூஃபை நாமே இறக்க வேண்டியிருக்கும். அந்தக் காட்சி உறுத்தும், உறுத்தவும் வேண்டும்.

பார்தர்நாக்ஸ் விஷயத்தில் என் கோபம் இன்னும் ஆறவில்லை. பழைய பாவத்துக்காக அந்தக் கிழட்டு டிராகனைக் கொல் என்கிறாள், டிராகன் வேட்டைக்காரர் கூட்டமான பிளேட்ஸின் தலைவி டெல்ஃபின். கொல்லாவிட்டால் பிளேட்ஸ் நம்மோடு சேர மாட்டார்கள். எதிர்த்து வாதாட ஒரு வரிகூட நமக்குக் கொடுக்கவில்லை. கெட்டவனாகப் பிறந்து கஷ்டப்பட்டு நல்லவனாகிறவனைப் பற்றி அந்த டிராகன் நம்மிடமே கேள்வி கேட்கிறது. அதை அப்படியே டெல்ஃபினிடம் திருப்பிக் கேட்க வழி இருந்திருக்க வேண்டும். இதற்கென்றே மாட் செய்திருக்கிறார்கள். அதைப் போட்டுத்தான் ஆடுகிறேன்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஹெல்கெனிலிருந்து தப்பியதும் எந்தப் படையிலும் சேராதீர்கள். விண்ட்ஹெல்ம், சாலிட்யூட், மார்கார்த் மூன்றையும் நடந்து பாருங்கள். தூதரகத்துக்குப் போகும்போது பெட்டியில் இருக்கும் கோப்பை விட்டுவிடாதீர்கள். போர் முடியாமலே மெயின் கதையை நகர்த்தினால் மலை உச்சி மடமான ஹை ஹ்ராத்காரில் சமாதானப் பேச்சு வரும். பேரரசின் தளபதி டுலியஸும் உல்ஃப்ரிக்கும் ஒரே மேஜையில் உட்கார, எலென்வென்னும் அங்கே வந்து நிற்பாள். அவள் இருந்தால் நான் எழுந்து போகிறேன் என்பார் உல்ஃப்ரிக். கோப்பைப் படித்துவிட்டுப் போனவருக்கு அந்தக் கோபத்தின் காரணம் தெரியும். அவளை உட்காரவைப்பதா, வெளியே அனுப்புவதா என்று அங்கே உங்களைத்தான் கேட்பார்கள்.