சிறு விமானம் ஓட்டுவோருக்கான கையடக்க ஏடிஎஸ்-பி ரிசீவர்: ஒரு மதிப்பீடு

ஏடிஎஸ்-பி என்ற தானியங்கி அறிவிப்புக் கருவி பொருத்திய விமானங்கள் ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை தம் இருப்பிடத்தையும் உயரத்தையும் பெரும்பாலும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அறிவித்துக்கொண்டே பறக்கின்றன. அந்த அறிவிப்பைப் பிடித்து டேப்லெட் திரையில் காட்டும் இந்தச் சிறு ரிசீவரை, தனி விமானம் ஓட்டும் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

எதிரெதிராகத் தலா 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் வரும் இரு விமானங்கள் ஒரு கடல் மைல் இடைவெளியைக் கடக்க 18 விநாடிகள் போதும். மோதும் பாதையில் வரும் விமானமோ கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாத புள்ளியாக நிற்பதால், கூர்ந்து பார்க்கும் கண்ணுக்கும் எளிதில் தப்பிவிடும். தரையிறங்கும் கட்டத்தில் ஒருமுறை, என் தாழ்இறக்கை விமானத்துக்கு நேர்கீழே உயர்இறக்கை விமானம் ஒன்று அதே ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. என் இறக்கை அதை மறைத்தது. அதன் இறக்கை என்னை மறைத்திருக்க வேண்டும். திரையில் 200 அடி கீழே என்ற சிவப்புக் குறி தோன்றி, ஹெட்செட்டில் எச்சரிக்கை ஒலித்ததும், இறங்குவதைக் கைவிட்டு மேலேறினேன். அந்த ஓர் எச்சரிக்கைக்காகவே கொடுத்த விலை தகும் என்பேன்.

பேட்டரி ஒரு பயணத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் வெயிலில் டாஷ்போர்டின்மேல் வைத்தால் சூடேறி நின்றுவிடுகிறது. பக்கக் கண்ணாடியில் ஒட்டுவதே நல்லது. நம் விமானத்தின் அடையாளக் குறியீட்டைச் சரியாகப் பதியாவிட்டால், நம்மையே அபாயமாகக் காட்டும். ஏடிஎஸ்-பி இல்லாத கிளைடரோ (எஞ்சினின்றி மிதந்து பறக்கும் விமானம்) பழைய விமானமோ இதில் தெரியவே தெரியாது என்பதால், திரை வெறுமையாக இருக்கும்போதும் பார்வை வெளியில்தான் இருக்க வேண்டும்.