செகண்ட் ஹேண்ட் சிஎக்ஸ்-5, சிஆர்-வி, ராவ்4: நான் கியர்பாக்ஸ் பார்த்துதான் முடிவு பண்ணேன்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வீட்டுல இருந்த சின்ன ஹேட்ச்பேக் பத்தாம போச்சு. அப்பாவுக்கு முட்டி வலி, குனிஞ்சு ஏறி இறங்கறது பெரிய பாடா இருந்துச்சு, பசங்க ரெண்டு பேரும் வளர்ந்துட்டாங்க, ஊருக்கு கிளம்பினா பாதி பை மடியிலதான். புது வண்டி எடுக்கற அளவுக்கு கையில இல்ல, அதனால அஞ்சாறு வருஷம் ஓடின காம்பாக்ட் எஸ்யூவி ஒண்ணு தேடலாம்னு ஆரம்பிச்சு, சுத்தி சுத்தி மூணு வண்டியில வந்து நின்னேன். மஸ்டா சிஎக்ஸ்-5, ஹோண்டா சிஆர்-வி, டொயோட்டா ராவ்4. கடைசியில எடுத்தது 2018 மாடல் சிஎக்ஸ்-5, 2.5 லிட்டர் பெட்ரோல், டர்போ இல்லாதது, ஆறு கியர் ஆட்டோமேட்டிக், வாங்கும்போது 74 ஆயிரம் கிலோமீட்டர். இப்ப ஒரு லட்சத்தை தாண்டிடுச்சு. அதனால நான் சிஎக்ஸ்-5 பக்கம் சாய்ஞ்சுதான் பேசுவேன், அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

இடவசதியை சீக்கிரம் முடிச்சிடறேன், அதுல சந்தேகத்துக்கு இடமே இல்ல. மூணுலயும் சிஎக்ஸ்-5தான் சின்னது. ஐரோப்பாவுல அளக்கற கணக்குல 2017-ல வந்த ரெண்டாவது தலைமுறை சிஎக்ஸ்-5 டிக்கி 506 லிட்டர், அதே காலத்து சிஆர்-வி 561, 2019 ராவ்4 580. சிஆர்-வியோட பின் கதவு கிட்டத்தட்ட 90 டிகிரிக்கு திறக்கும், வயசானவங்க ஏறவும் குழந்தை சீட் மாட்டவும் அதுக்கு ஈடே இல்ல. அப்பா மூணு வண்டியிலயும் ஏறி உட்கார்ந்து பார்த்துட்டு சிஆர்-வியைத்தான் கை காட்டினார். ஓட்டறதுக்கு சிஎக்ஸ்-5 சுகம், ஸ்டியரிங் கையோட பேசும், வளைவுல வண்டி சாயாது. அவ்வளவுதான். இந்த விஷயங்களை நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டினா தெரிஞ்சுடும்.

ஒரு ரவுண்டுல தெரியாதது கியர்பாக்ஸ். பழைய வண்டி வாங்கறவங்க எல்லாரும் இன்ஜினை கேக்கறாங்க, பெயிண்டை தட்டிப் பார்க்கறாங்க, ஓடின கிலோமீட்டரை பார்க்கறாங்க, கியர்பாக்ஸ் ஆயில் எப்ப மாத்தினீங்கன்னு கேக்கற ஆள் ரொம்ப கம்மி. ஆனா இன்ஜின்ல வர்ற செலவு பெரும்பாலும் பாகம் பாகமா வரும், கியர்பாக்ஸ் செலவு ஒரே அடியா வரும். ஆபீஸ்ல என்கூட வேலை பாக்கற ஒருத்தரோட சிவிடி வண்டி (தனித்தனி கியர் இல்லாத ஒரு வகை ஆட்டோமேட்டிக்), எந்த கம்பெனின்னு சொல்ல வேண்டாம், 1 லட்சத்து 20 ஆயிரத்துல மெதுவா போகும்போது உதற ஆரம்பிச்சுது. ரெண்டு மாசம் டயர், இன்ஜின் மவுண்ட்னு பார்த்துட்டே இருந்தாங்க, கடைசியில கியர்பாக்ஸ் போச்சுன்னு சொல்லிட்டாங்க. அவர் அந்த வண்டிக்கு ரெண்டாவது ஓனர், ஃபைலை தேடிப் பார்த்தா கியர்பாக்ஸ் ஆயில் ஒரு தடவைகூட மாத்தினதா பில்லே இல்ல. மாத்தின செலவு அப்போதைய வண்டி மதிப்புல மூணுல ஒரு பங்குக்கு பக்கத்துல வந்துச்சு. அவர் முகத்தை பார்த்த நாள்லதான் நான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன்.

சிவிடி கெட்ட விஷயம்னு நான் சொல்ல வரல, 1.5 டர்போ சிஆர்-வியில இருக்கறதும் அதுதான். அதுக்குள்ள பல் சக்கரத்துக்கு பதிலா ரெண்டு கூம்பு மாதிரி புல்லி இருக்கும், நடுவுல ஒரு இரும்பு பெல்ட் ஓடும், புல்லியோட இடைவெளி கூடிக் குறைய கியர் விகிதம் மாறிட்டே இருக்கும். பெட்ரோல் மிச்சமாகும், ஜெர்க் இருக்காது. ஆனா பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல பிடிமானம் கொடுக்கற வேலையையும் சூட்டை வெளிய கடத்தற வேலையையும் சேர்த்து அந்த ஆயில்தான் செய்யுது. ஆயில் பழசாயிட்டா பெல்ட் வழுக்கும், வழுக்கினா புல்லியில கோடு விழும், அப்புறம் புது ஆயில் ஊத்தியும் பிரயோஜனம் இல்ல. ஆயில் வகையும் மாறக்கூடாது, ஹோண்டா சிவிடிக்கு ஹெச்சிஎஃப்-2ன்னு தனி ஆயில் இருக்கு, ஏதோ ஒரு ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊத்திட்டா கதை முடிஞ்சுது. என் பட்டியல்ல ஆரம்பத்துல நிசான் எக்ஸ்-டிரெயிலும் இருந்துச்சு, நிறைய சொகுசு, சீட் ரொம்ப நல்லா இருக்கும், ஆனா அதோட அமெரிக்க அண்ணன் தம்பியான ரோக் வண்டியில 2014-லேர்ந்து 2018 வரைக்குமான மாடலுக்கு சிவிடி வாரண்டியை கம்பெனியே நீட்டிச்சு கொடுத்தாங்கன்னு படிச்சதும் அதை எடுத்துட்டேன். முறையா ஆயில் மாத்தி நல்லா ஓடற எக்ஸ்-டிரெயிலும் நிறைய இருக்கும், ஆனா பழைய வண்டியில அந்த முறை இருந்துச்சான்னு எனக்கு எப்படி தெரியும்?

சிஎக்ஸ்-5ல இருக்கறது பழைய பாணி டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக், அதாவது இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியா கியருக்கு கடத்தற வகை, நிஜமான ஆறு கியர். வண்டி கொஞ்சம் நகர்ந்ததுமே உள்ள இருக்கற கிளட்ச் லாக் ஆயிடற மாதிரி மஸ்டா பண்ணியிருக்காங்க, அதனால வழுக்கறதும் கம்மி, சூடு ஏறறதும் கம்மி. முந்தின ஓனர் ஆயில் மாத்தறதுல கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தாக்கூட இந்த கியர்பாக்ஸ் பொறுத்துக்கும், சிவிடி அந்த அளவுக்கு பொறுக்காதுங்கறதுதான் என் முடிவுக்கு அடிப்படை. புது வண்டியா எடுத்து நானே முதல் நாள்லேர்ந்து பராமரிக்கறதா இருந்தா ஒருவேளை சிஆர்-வியே எடுத்திருப்பேன். யார் எப்படி ஓட்டினாங்கன்னு தெரியாத வண்டியை வாங்கும்போது, அலட்சியத்தை தாங்கற பாகம் எதுல இருக்கோ அதுக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

அதுக்காக சிஎக்ஸ்-5 ஆயிலே கேக்காதுன்னு அர்த்தம் இல்ல. சில நாடுகள்ல சர்வீஸ் அட்டவணையில இந்த ஆயிலை மாத்தணும்னே போட்டிருக்க மாட்டாங்க, அதைப் பிடிச்சுக்கிட்டு "இது ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்"னு சர்வீஸ் கவுண்டர்ல சொல்லுவாங்க. நம்பாதீங்க. வாங்கின முதல் மாசமே நான் வற்புறுத்தி மாத்தச் சொன்னேன், ஏடிஎஃப் எஃப்இசட்தான் இதுக்கு உண்டான ஆயில், வடிஞ்சது கறுப்பு காபி மாதிரி இருந்துச்சு. ஒரு தடவை வடிச்சா எல்லாம் வராது, பாதிக்கு மேல கன்வர்ட்டர்லயும் உள் பாதைகள்லயும் நிக்கும், அதனால சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு இன்னொரு தடவை மாத்தினேன். ரெண்டாவது தடவைக்கு அப்புறம் ரெண்டாவது கியர்லேர்ந்து மூணாவதுக்கு போறது நல்லாவே இளகிடுச்சு.

ராவ்4 விஷயத்துல ஒரு குழப்பத்தை தீர்த்தே ஆகணும், ஏன்னா நானே முதல்ல இதுல ஏமாந்தேன். ராவ்4 ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்தது) விளம்பரத்துல இ-சிவிடின்னு இருக்கும், உடனே சிவிடின்னு ஒதுக்கிடாதீங்க. அதுல பெல்ட்டும் கிடையாது, கூம்பு புல்லியும் கிடையாது, கிரக சக்கரம் மாதிரி அமைஞ்ச ஒரு பல் சக்கர செட்டும் மோட்டாரும்தான், கிளட்ச்கூட இல்லாத எளிமையான அமைப்பு. டாக்ஸியா நாள் பூரா ஓடற டொயோட்டா ஹைப்ரிட் வண்டிகள்ல இருக்கறதும் இதே அமைப்புதான். சிஆர்-வி ஹைப்ரிட் இன்னும் வேற மாதிரி, பெரும்பாலான நேரம் இன்ஜின் கரண்ட் தயார் பண்ணும், மோட்டார்தான் சக்கரத்தை சுத்தும், நெடுஞ்சாலை வேகத்துல மட்டும் இன்ஜின் நேரடியா சேரும். ஆக பெல்ட் பயம் ரெண்டு ஹைப்ரிட்லயும் இல்ல. ஹைப்ரிட் இல்லாத ராவ்4ல நாட்டுக்கு நாடு மாறும், 2.0 லிட்டர்ல நிறைய இடத்துல சிவிடி, 2.5ல 2018 வரைக்கும் ஆறு கியர், 2019-லேர்ந்து எட்டு கியர். பேட்ஜை பார்த்து முடிவு பண்ணாம எந்த கியர்பாக்ஸ் இருக்குன்னு கேட்டு தெரிஞ்சுக்கங்க.

ராவ்4 ஹைப்ரிட்ல பார்க்க வேண்டியது ரெண்டு விஷயம். பின் சீட்டுப் பக்கம் பேட்டரிக்கு காத்து இழுக்கற ஃபேன் ஃபில்டர் இருக்கு, நாய் வளர்க்கறவங்க வண்டியா இருந்தா அதுல முடி அடைச்சிருக்கும், அடைச்சா பேட்டரி சூடாகும். இன்னொண்ணு, 2019-ல ஆரம்பிச்ச தலைமுறையில ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கற) ஹைப்ரிட் வண்டிகள்ல பின் மோட்டாருக்குப் போற ஹை வோல்டேஜ் கேபிளோட இணைப்பு அரிச்சுப் போற பிரச்சினை, பனிக்காக ரோட்டுல உப்பு தூவற நாடுகள்லதான் பெருசா பேசப்பட்டுச்சு, அங்க டொயோட்டா வாரண்டியை நீட்டிச்சாங்க. கேபிள் விலை ரொம்ப அதிகம், அதனால வண்டியை தூக்கி கீழ ஒரு தடவை பார்த்துடுங்க. எனக்கு ஹைப்ரிட் அனுபவம் ரெண்டு டெஸ்ட் டிரைவும், தங்கச்சி வீட்டுக்காரர் வண்டியில போன ஒரு நீளமான பயணமும்தான், அதுக்கு மேல நான் அடிச்சுப் பேச மாட்டேன்.

இன்ஜின் பக்கம் வந்தா சிஆர்-வியோட 1.5 டர்போ நல்லா இழுக்கும், ஆனா குளிர் பிரதேசத்துல சின்னச் சின்ன தூரமே ஓட்டின வண்டியில எரியாத பெட்ரோல் இன்ஜின் ஆயில்ல கலந்து ஆயில் அளவு ஏறிடற பிரச்சினை வந்துச்சு. 2018-ல சீனாவுல இதுக்காக அந்த சிஆர்-வி விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சாங்க, அமெரிக்காவுல 2017, 2018 மாடலுக்கு வாரண்டி நீட்டிச்சாங்க. சோதிக்கறது சுலபம், இன்ஜின் ஆயில் அளவு காட்டற கம்பியான டிப்ஸ்டிக்கை உருவுங்க, மேல் கோட்டைத் தாண்டி ஆயில் இருந்து பெட்ரோல் வாசனையும் அடிச்சா கிளம்பிடுங்க. வெயில் ஊர்ல, தினமும் நல்ல தூரம் ஓடின வண்டிக்கு இந்த பயம் ரொம்ப கம்மி.

சிஎக்ஸ்-5க்கும் சுத்தமான ஜாதகம் இல்ல. 2018-லேர்ந்து சில நாட்டு 2.5 இன்ஜின்ல, லேசா ஓட்டும்போது நாலுல ரெண்டு சிலிண்டரை தூங்க வைக்கற வசதி வந்துச்சு, அதோட சாஃப்ட்வேர் கோளாறால 2019-ல ரீகால் பண்ணாங்க, அதாவது வண்டியை திரும்பக் கூப்பிட்டு சரி பண்ணிக் கொடுத்தாங்க. சேஸிஸ் நம்பரை வச்சு அந்த வேலை முடிஞ்சுதான்னு கம்பெனியில கேட்டா சொல்லிடுவாங்க. 2.5 டர்போல சில வண்டிகள்ல எக்ஸாஸ்ட் பக்கத்துல கூலன்ட் கசியற புகார் உண்டு, நான் டர்போ இல்லாததை தேடினதுக்கு அதுவும் ஒரு காரணம். டீசல் 2.2 இழுவை அருமை, ஆனா டவுனுக்குள்ளயே ஓட்டினா புகைக்கரி ஃபில்டர் தன்னை சுத்தம் பண்ணிக்கற வேலை பாதியில நின்னு நின்னு டீசல் இன்ஜின் ஆயில்ல கலக்கும், அதுக்காகவே டிப்ஸ்டிக்ல மேல் கோட்டுக்கும் மேல ஒரு எக்ஸ் குறி போட்டிருக்காங்க, ஆயில் அந்த குறியை தொட்டா ஓட்டாம மாத்தணும். தினமும் நெடுஞ்சாலையில போறவங்களுக்கு மட்டும் டீசலை சொல்லுவேன்.

வண்டி பார்க்கப் போகும்போது வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறுகளைப் படிக்கற ஒரு சின்ன ஓபிடி ஸ்கேனர் கட்டாயம் எடுத்துட்டுப் போங்க. என் பட்டியல்ல இருந்த ஒரு வண்டி பளபளன்னு இருந்துச்சு, விற்பனை பண்ணவர் எந்த லைட்டும் எரியலைன்னு பெருமையா காட்டினார், ஸ்கேனர் போட்டா எரர் ஒண்ணும் இல்ல, ஆனா உள்ள இருக்கற சுய சோதனைகள்ல பாதிக்கு மேல "முடியலை"ன்னு காட்டுச்சு. எரரை அழிச்சாலோ பேட்டரி கழட்டினாலோதான் அப்படி வரும், திரும்ப முடியறதுக்கு பல நாள் விதவிதமா ஓட்டணும். கேட்டதும் பேச்சை மாத்திட்டார், நான் சாவியை கொடுத்துட்டு வந்துட்டேன். இன்னொண்ணு, வண்டி ஆறிப்போய் இருக்கும்போதே போங்க, முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா வேற நாள் வர்றேன்னு சொல்லுங்க. குளிர்ந்த நிலையில ரிவர்ஸ்லேர்ந்து டிரைவ் போட்டா எவ்வளவு தாமதிச்சு பிடிக்குதுன்னு பாருங்க, அப்புறம் இருபது நிமிஷமாவது ஓட்டி சூடேத்திட்டு 30லேர்ந்து 60 வரைக்கும் ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சே போங்க. சிவிடி உதறல் இருந்தா அந்த இடத்துலதான் தெரியும், முழுசா மிதிச்சா மறைஞ்சுடும். ஆல் வீல் டிரைவ் வண்டின்னா நாலு டயரும் ஒரே மாதிரி, ஒரே தேய்மானமா இருக்கணும், ரெண்டு புதுசு ரெண்டு பழசுன்னா சுற்றளவு மாறி டிரைவ் சிஸ்டம் தேவையில்லாம வேலை பார்த்துட்டே இருந்திருக்கும். என் வண்டியில அப்படித்தான் இருந்துச்சு, நாலு டயர் விலையை பேரத்துல குறைச்சுக்கிட்டேன்.

ரெண்டு வருஷத்துல ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், ஒரு பேட்டரி தவிர பெருசா எதுவும் கேக்கல. கரடுமுரடு ரோட்டுல சிஆர்-வி அளவுக்கு மெத்துன்னு இருக்காது, பின் சீட்டுல மூணு பெரியவங்க உட்கார்ந்தா நெருக்கும். திரும்ப விக்கும்போது ராவ்4 அளவுக்கு விலை நிக்காதுன்னு நினைக்கறேன், வாங்கும்போதும் அதே காரணத்துக்காகத்தான் எனக்கு கம்மியா கிடைச்சுது, அதனால அது எனக்கு பெரிய நஷ்டமா படல. ஆனா ரெண்டே வருஷத்துல வித்து மாத்தற பழக்கம் இருந்தா ராவ்4தான் கணக்குக்கு சரியா வரும்.

போன மாசம் மச்சான் சிஆர்-வி ஒண்ணு எடுத்தான், 2019 மாடல், அதே 1.5 டர்போ, அதே சிவிடி. என்னைத்தான் கூட்டிட்டுப் போனான். முதல் ஓனர் ஒரு ஃபைல் கொடுத்தார், அதுல 40 ஆயிரத்துல ஒண்ணு, 80 ஆயிரத்துல ஒண்ணுன்னு ஹெச்சிஎஃப்-2 மாத்தின ரெண்டு பில் இருந்துச்சு, டிப்ஸ்டிக்ல ஆயில் கோட்டுக்குள்ள நின்னுச்சு, மேட்டுல அரை மணி நேரம் ஓட்டியும் ஒரு உதறல் இல்ல. "எடுத்துடு மச்சான்"னு நான்தான் முதல்ல சொன்னேன். அப்பா இப்ப எங்க போனாலும் அவன் வண்டியிலதான் ஏறுவேங்கறார்.