வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லி விற்ற லேமினேட் தரை: ஈரம் உள்ள அறைகளுக்கு வாங்குவோர் கவனத்திற்கு

சமையலறைக்கும் குளியலறையை ஒட்டிய உடைமாற்றும் அறைக்கும் மரத்தளம் போடுவதா, லேமினேட் போடுவதா என்று கேட்டுப் போன எங்களிடம், "லேமினேட்டே போடுங்கள், இது முழுக்க வாட்டர்ப்ரூஃப்" என்று உறுதியாகச் சொல்லி விற்ற தரை, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இணைப்புகள் உப்பி, கதவு தரையில் இடிக்கும் அளவுக்கு மேலெழும்பிவிட்டது. பணத்தைத் திருப்பித் தரவோ பலகைகளை மாற்றித் தரவோ அந்தக் கடை முன்வரவில்லை. இதே வார்த்தைகளைச் சொல்லி வேறு பலரிடமும் விற்கக்கூடும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

கடையில் ஒரு மாதிரிப் பலகையின் மேல் தண்ணீரை ஊற்றி, சற்று நேரம் கழித்துத் துடைத்து, கறைகூடப் படியவில்லை பாருங்கள் என்று காட்டினார்கள். மேற்பரப்பில் உள்ள மெலமைன் பூச்சு தண்ணீரை உள்ளே விடாது என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே இருப்பது மரத்தின் படம் அச்சிட்ட காகிதம். அதற்கும் கீழே இருப்பது மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய எச்.டி.எஃப். பலகை. இரண்டு பலகைகள் சேரும் இடுக்கிலோ வெட்டிய ஓரத்திலோ நீர் இறங்கினால் அந்த நார் ஊதிவிடும். பிறகு எவ்வளவு காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பெட்டியில் அச்சிட்டிருந்த ஏ.சி.4 என்ற குறியீட்டையும் நீர் தாங்கும் தரச்சான்று போலவே காட்டினார்கள். அது மேற்பரப்பு தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது.

எங்கள் தரையைக் கெடுத்த ஈரத்தில் பெரும்பகுதி மேலிருந்து வரவேயில்லை. சுவரோரத்துப் பலகை ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தபோது அதன் அடிப்பக்கம் முழுவதும் கரும்பூசணம் படர்ந்திருந்தது. ஓரம் ஊறிய அட்டையைப் போல விரலோடு உதிர்ந்து வந்தது. பலகைகளுக்கு அடியில் போடும் நுரை விரிப்பை நேரடியாகக் கான்கிரீட்டின் மேல் விரித்திருந்தார்கள்; ஓதத்தைத் தடுக்க அதற்கு அடியில் இருக்க வேண்டிய 0.2 மில்லிமீட்டர் பாலித்தீன் விரிப்பு இல்லை. பலகைகள் விரிந்து சுருங்குவதற்காகச் சுவரோரம் விட வேண்டிய 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளியும் இல்லை. வேலை தொடங்கும் முன் தரையின் ஈரத்தை யாரும் சோதிக்கவில்லை. இத்தனைக்கும் அந்தச் சோதனைக்குக் கருவிகூடத் தேவையில்லை. சுமார் 45 சென்டிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட்டின் மேல் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பார்த்தால், உள்ளே நீர் முத்துக்கள் கோத்திருப்பதோ கான்கிரீட் கறுத்திருப்பதோ ஓதம் ஏறுவதைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி எதுவும் தெரியாவிட்டாலும், ஈரமானியால் அளந்து அந்த அளவை எழுதித் தரச் சொல்வது இன்னும் பாதுகாப்பானது.

புகார் செய்த பிறகுதான் உத்தரவாத அட்டையின் முழுப் பிரதியை எங்கள் கையில் கொடுத்தார்கள். தேங்கிய நீர், அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரம், குளியலறை போன்ற ஈர அறைகள் ஆகிய மூன்றுக்கும் உத்தரவாதம் இல்லை என்று அதில் பொடி எழுத்தில் இருந்தது. அறைகள் எவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டே விற்றவர்கள் இதை மறைத்ததைத்தான் நான் ஏமாற்று என்கிறேன்.

மரம் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமா? அடியில் ஈரம் ஏறினால் முழுமரப் பலகையும் ஓரங்கள் உயர்ந்து குழிந்துவிடும். ஆயினும் ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்து நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலும் ஓரளவு படிந்துவிடும். மீதியை இழைத்துச் சமப்படுத்தலாம். ஒட்டுப்பலகையின் மேல் 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மரத்தகடு ஒட்டிய என்ஜினியர்டு மரத்தில் அந்த அசைவு இன்னும் குறைவு. ஓரிரு முறை இழைக்கவும் முடியும். லேமினேட்டை இழைத்தால் படம்தான் போகும். ஆகவே அடித்தளம் உலர்ந்திருக்கும் சமையலறைக்கு என்ஜினியர்டு மரம் ஏற்கத்தக்கது. குளியலறைக்கும் அதை ஒட்டிய அறைக்கும் இரண்டுமே வேண்டாம் என்று சொல்லியிருப்பதே நேர்மையான பதில். அங்கே போர்சலின் டைல்ஸ் அல்லது கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்.பி.சி. பலகைதான் பொருந்தும், எஸ்.பி.சி. உப்பாது, ஆனால் அதன் அடியிலும் ஈரம் அடைபட்டால் பூசணம் பிடிக்கும்.

முன்பணம் கொடுக்கும் முன், எந்த அறைக்கு வாங்குகிறீர்கள் என்பதையும் அந்த அறைக்கு உத்தரவாதம் உண்டு என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பாலித்தீன் விரிப்பு போடும்போதும் சுவரோர இடைவெளி விடும்போதும் புகைப்படம் எடுத்து, மீந்த பலகை ஒன்றையும் தயாரிப்பு எண் உள்ள பெட்டி அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். எங்கள் புகாரில் கடைக்காரர் மறுக்க முடியாமல் போன சான்றுகள் அந்தப் பலகையும் அட்டையும் மட்டுமே.