வேலூர் வெயிலில் வடகாட்டு ஒருபூத் தேன்

அண்ணன் மகள் ரஷ்யாவின் உஃபா நகரில் மருத்துவம் படிக்கிறாள். விடுமுறைக்குக் காட்பாடி வரும்போதெல்லாம் பெட்டியில் பாதி தேன் பாட்டில்கள்தான்; பெரும்பாலும் அந்த வடக்குக் காடுகளில் ஒரே வகைப் பூவிலிருந்து தேனீக்கள் சேர்த்த ஒருபூத் தேன். எங்கள் சமையலறையில் ஜவ்வாது மலைத் தேனுக்குப் பக்கத்தில் இவையும் சில ஆண்டுகளாக நிரந்தரமாக இருக்கின்றன.

என் ஓட்டு லிண்டன் தேனுக்கு. உஃபாவைச் சுற்றியுள்ள பாஷ்கோர்தஸ்தான் காடுகளில் லிண்டன் மரங்கள் ஏராளம். ஜூலையை ஒட்டிப் பூக்கின்றன. மூடியைத் திறந்ததும் புதினாவும் மரப்பட்டையும் கலந்த வாசம் வரும். விழுங்கியபின் தொண்டையில் ஒரு மெல்லிய காரம் நிற்கும். சுக்குக் காபியில் ஊற்றினால் அத்தனையும் வீண். ஆறிய வெந்நீரில் கலந்தால்தான் அருமை தெரியும்.

மார்கழிக் குளிரில் இது உறைந்து வெளுத்துவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "சர்க்கரைப் பாகைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். உண்மை வேறு. குளுக்கோஸ் கூடுதலாக உள்ள தேன் சீக்கிரம் உறையும். ஃபிரக்டோஸ் மிகுந்த ரொபினியா மரப்பூத் தேன் நெடுநாள் உறையாது. இதை வைத்து அசல், போலி என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரில் தொல்லை பங்குனியில்தான்: அடியில் குருணை, மேலே பாகு என இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

காட்டுத்தீ எரித்த நிலத்தில் முந்திக்கொண்டு முளைக்கும் ஃபயர்வீட் செடியின் தேன் வெளிறிய நிறம், அடக்கமான வாசம். உறைந்தால் வெண்ணெய்போலச் சப்பாத்தியில் தடவலாம். குழந்தைகளுக்கு இதுதான் பிடிக்கிறது. (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும் கூடாது.)

பக்வீட் காட்டுப் பூவல்ல, வயல் பயிர்; ஆனாலும் ஒரு பாட்டில் வந்துவிடுகிறது. கன்னங்கரேல் என்றிருக்கும், தொழுவ வாடை அடிக்கும். வீட்டில் பலர் தொடுவதில்லை. வள்ளிமலைக்குப் போய்வந்த கையோடு தினைமாவில் பிசைந்து பார்த்தேன். அந்த முரட்டுச் சுவைக்குத் தினை ஈடுகொடுக்கிறது.

மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அலமாரியில் வைத்தால் வாசம் போய்விடும், நிறம் கறுக்கும். சூட்டில் தேனின் சர்க்கரை சிதைந்து உண்டாகும் எச்.எம்.எஃப். என்ற பொருளும் கூடும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி அது கிலோவுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, வெப்பமண்டலத் தேனுக்கு மட்டும் 80 வரை சலுகை. உறைந்தாலும் பரவாயில்லை என்று ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.

மருந்து என்று நம்பி யாரும் வாங்க வேண்டாம். அம்மாவுக்கு நீரிழிவு; எந்தப் பூவின் தேனானாலும் சர்க்கரை ஏறத்தான் செய்கிறது. இருமலுக்கு இதமாக இருக்கிறது, அதை ஜவ்வாது தேனும் செய்கிறது. வாசத்துக்காக என்றால் லிண்டனைச் சிறிய பாட்டிலாக வாங்கி, சித்திரைக்குள் தீர்த்துவிடுங்கள்.