ரூட் 66 தனியாக ஓட்டப் போகிறவர்களுக்கு: வாடகைக் கார் கவுண்டரில் கையெழுத்துப் போடும்முன்

அமெரிக்காவின் பழைய நெடுஞ்சாலையான ரூட் 66இல் ஓட்ட சிகாகோவில் கார் எடுத்து, எட்டு மாநிலம் கடந்து லாஸ் ஏஞ்சலஸில் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்களின் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: முன்பதிவில் பார்த்த தொகை வேறு, கார்டில் ஏறிய தொகை வேறு. 1926இல் எண் பெற்ற சாலைக்கு நூற்றாண்டு என்று கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகலாம்.

நீண்ட விமானப் பயணம் முடித்து, தூக்கம் கெட்டு, தனியாக வந்து நிற்பவர்தான் கவுண்டரில் எளிதாக மாட்டுகிறார். ஊழியர் திரையைத் திருப்பி, "இங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒன்று" என்பார். நீங்கள் கேட்காத கட்டணங்கள் அதற்குள்ளேயே இருக்கும். கையெழுத்து விழுந்துவிட்டால், பிறகு வங்கியில் முறையிட்டாலும் ஒப்பந்தத்தைக் காட்டியே தள்ளிவிடுவார்கள். வரிவரியாகத் தொகை போட்ட தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வேறு ஊரில் விடுவதற்கான கட்டணம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விடும் இடத்தையோ நாளையோ நடுவில் மாற்றினால் முழு வாடகையையும் புது விகிதத்தில் போடுவார்கள். சீக்கிரம் திருப்பிக் கொடுத்தாலும் கூடலாம்.

காப்பீட்டில் எல்லாமே வீண் அல்ல. அமெரிக்காவில் சொந்தக் கார் பாலிசி இல்லாத நமக்குப் போதுமான தேர்ட் பார்ட்டி காப்பு கட்டாயம் வேண்டும். இடைத்தரகர் தளத்தில் வாங்கிய "முழுக் காப்பு" கவுண்டரில் செல்லாது. சேதத்துக்கு நீங்கள் முதலில் கட்டிவிட்டு, பிறகு தரகரிடம் கேட்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு, காருக்கான சேதக் காப்பை ஒரே இடத்தில் வாங்குங்கள். லக்கேஜுக்கான காப்பு, வாடகை நிறுவனத்திடமே முன்பணம் கட்டி வாங்கும் பெட்ரோல் இரண்டும் வேண்டாம்.

இந்தச் சாலைக்கென்றே ஒரு பொறி உண்டு. பெரும்பாலான ஒப்பந்தங்கள் தார் போடாத சாலையில் ஓட்டத் தடை போடுகின்றன. பழைய 66இன் சில துண்டுகள் இன்றும் சரளைதான். டெக்சஸ் எல்லையிலுள்ள கிளென்ரியோவிலிருந்து நியூ மெக்சிகோவின் சான் ஹோன் வரையுள்ள பகுதி அப்படிப்பட்டது. ஓக்லஹோமாவில் மயாமிக்கும் ஆஃப்டனுக்கும் இடையே 1920களில் போட்ட 9 அடி அகலச் சாலையும் இப்போது மண்ணும் சரளையுமாகக் கிடக்கிறது. அங்கே டயர் கிழிந்தாலோ கண்ணாடியில் கல் தெறித்தாலோ, பணம் கட்டி வாங்கிய காப்பும் செல்லாமல் போகலாம். கிளென்ரியோவில் ஐ-40 என்ற பெரிய நெடுஞ்சாலைக்கு ஏறிவிடுவதே மேல். படத்துக்காக ரிஸ்க் எடுப்பவர்கள் பாடு அவரவர் பாடு.

அடுத்தது டோல். ஓக்லஹோமாவில் மிசூரி எல்லையிலிருந்து டல்சாவுக்கு வில் ரோஜர்ஸ் டர்ன்பைக் (டோல் நெடுஞ்சாலை), அங்கிருந்து ஓக்லஹோமா சிட்டிக்கு டர்னர் டர்ன்பைக். இரண்டிலும் ரொக்கம் வாங்குவதில்லை, கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும். டோல் சில டாலர்தான். ஆனால் அதன் மேல் வாடகை நிறுவனம் "வசதிக் கட்டணம்" போடும். சில நிறுவனங்கள் டோலே தொடாத நாட்களுக்கும் சேர்த்துப் போடுகின்றன. நாளுக்கு 12 டாலர் என்று வைத்தாலும் 15 நாளுக்கு 180. பழைய சாலை இவற்றுக்குப் பக்கத்திலேயே இலவசமாக ஓடுகிறது, அதற்காகத்தானே போகிறீர்கள்! சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்திலிருந்து பழைய 66இல் உள்ள ஜோலியட் ஊருக்கு என்று போட்டால் ஜிபிஎஸ் ஐ-294 டோல் சாலையில் இழுத்துவிடும். புறப்படும்முன் டோல் தவிர்ப்பை அமைத்துவிடுங்கள்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டி வாங்குங்கள். இணையத்தில் ஐந்தாண்டு, பத்தாண்டு என்று விற்பவை போலி. டெபாசிட்டுக்கு உங்கள் பெயரிலுள்ள கிரெடிட் கார்டு வேண்டும், ஃபாரெக்ஸ் கார்டை ஏற்க மாட்டார்கள். ரூபாயில் கட்டுகிறீர்களா என்று இயந்திரம் கேட்டால் டாலரையே அழுத்துங்கள். பெட்ரோல் பம்ப் அஞ்சல் எண் கேட்டு நம் கார்டை நிராகரிக்கும். உள்ளே போய் முன்பணம் கட்டி நிரப்பிக்கொள்ளலாம்.

காரை எடுக்கும்போது டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் காற்றடிக்கும் கருவியும் ஒட்டும் திரவமும்தான் இருக்கும், கலிஃபோர்னியாவின் நீடில்ஸ் ஊரைத் தாண்டிய பாலைவனத்தில் பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு அது உதவாது. கண்ணாடி, ரிம், பம்பரின் அடிப்பகுதி, கூரை, ஓடோமீட்டர், பெட்ரோல் முள் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். விடும்போதும் அதையே செய்து, ஊழியர் கையால் கணக்கு முடித்த ரசீதை வாங்குங்கள். இரவில் சாவிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு விமானம் ஏறினால், காலையில் அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்தக் கார் உங்கள் பொறுப்பு.