கார்ட்ரிட்ஜ்ல வீட்டுலயே மை ஏத்தி நாலு வருஷம்: ரீசெட் பண்ணா கூடவே தராசும் வேணும்

எங்க வீட்டுல பிரிண்டர் வாங்குனதே தேன் பாட்டிலுக்கு லேபிள் அடிக்கத்தான். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்துல தேனீப் பெட்டி வச்சிருக்கோம், ரப்பர் எல உதுந்து தளிர் வர்ற சமயத்துல தேன் நல்லா கெடைக்கும், ஏப்ரல் வரைக்கும் ஓடும். ஒவ்வொரு தடவ எடுக்கும்போதும் பேட்ச் நம்பர், பேக் பண்ண தேதி எல்லாம் மாறும், பிரஸ்ல குடுத்தா மொத்தமா ஆயிரம் அடிச்சாத்தான் கட்டுப்படியாவும், நமக்கு வேண்டியது அம்பது அறுபதுதான். அதான் வீட்டுல ஒண்ணு இருக்கட்டும்னு வாங்குனோம். மொத சீசன் முடியல, ரெண்டு கார்ட்ரிட்ஜும் தீந்துச்சு. புதுசு ரெண்டும் சேத்து வெல கேட்டா பிரிண்டர் வாங்குன காசுல பாதிக்கு மேல வருது. அப்பம் ஆரம்பிச்சதுதான் இந்த மை ஏத்துற வேல.

எங்களுது கார்ட்ரிட்ஜ்லயே ஹெட், அதாவது மைய பேப்பர்ல தெளிக்கற பாகம், உள்ள மாடல். எப்சன் மாதிரி ஹெட் பிரிண்டர்ல இருக்கறதுக்கு நான் சொல்றது ஒத்துவராது, அத மொதல்ல பாத்துக்குங்க. ஏத்துறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. மேல உள்ள ஸ்டிக்கர பைய உரிச்சா ஓட்ட தெரியும், உள்ள ஸ்பாஞ்சுதான். கலர்ல மூணு ஓட்ட இருக்கும், எந்த ஓட்ட எந்த கலர்னு மாடலுக்கு மாடல் மாறும், அதனால வீடியோவுல பாத்தத நம்பாம ஒரு டூத்பிக்க உள்ள விட்டு எடுத்து நுனில என்ன கலர்னு நீங்களே பாருங்க. சிரிஞ்சுல கறுப்புக்கு ஒரு ஆறு எம்எல், கலர் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெண்டர, அதுவும் சொட்டு சொட்டா. அவசரமா அமுக்குனா ஸ்பாஞ்சுக்குள்ள காத்து மாட்டிக்கிடும், அப்பறம் மை இருந்தும் கோடு கோடா அடிக்கும். முடிஞ்சதும் ஹெட்ட டிஷ்யூ பேப்பர்ல லேசா ஒத்தி எடுங்க, மூணு கலரும் தனித்தனி பட்டையா விழணும். ஸ்டிக்கர திருப்பி ஒட்டும்போது ஓட்டயெல்லாம் செல்லோடேப் போட்டு இறுக்கி மூடிராதீங்க, காத்து போக வழி இல்லன்னா மை எறங்காது. நான் ஒரு நாள் பூரா இதுல முட்டிக்கிட்டு நின்னிருக்கேன்.

இனி ரீசெட். மை ஏத்தி மாட்டுனாலும் பிரிண்டர் காலின்னுதான் சொல்லும். ஏன்னா அது மைய பாக்கறது இல்ல, எத்தன சொட்டு அடிச்சோம்னு எண்ணிகிட்டுதான் இருக்கு. எங்களுதுல மை தீந்துச்சுன்னு வர்ற நேரத்துல ஸ்டாப் பட்டன அஞ்சு செகண்டுக்கு மேல அமுக்கிப் பிடிச்சா அந்த கார்ட்ரிட்ஜுக்கு கணக்கு எடுக்கறத விட்டுரும், பிரிண்ட் வரும். சில பிரிண்டர்ல ஓகே குடுத்தாலே போதும். நானும் ரீசெட்னா திருப்பி ஃபுல்லுன்னு காட்டும்னு நெனச்சேன், அப்படி இல்ல, மீட்டரத்தான் அணைக்கறோம். வண்டில பெட்ரோல் முள்ள புடுங்கிட்டு ஓட்டுற மாதிரி.

இது புரியாமத்தான் ஒரு கறுப்பு கார்ட்ரிட்ஜ் போச்சு. இந்த மாதிரி ஹெட்டுக்குள்ள சின்னச் சின்ன ஹீட்டர்தான் மைய கொதிக்க வச்சு வெளிய தள்ளுது, அந்த ஹீட்டர ஆத்துறதும் அதே மைதான். மை இல்லாம ஓட்டுனா கருகிரும். மார்ச் மாசம், ஆர்டர் கெடக்கு, மங்கலா வருதேன்னு திருப்பி திருப்பி பிரிண்ட் குடுத்து குடுத்து நானே கருக்கிட்டேன். பெறகு எவ்வளவு மை ஏத்தியும் வரல.

அதுக்கு அப்பறந்தான் தேன் நிறுக்குற டிஜிட்டல் தராசு கண்ணுல பட்டுது. மை தீந்த கறுப்ப வச்சா 29 கிராம், ஆறு எம்எல் ஏத்தி வச்சா 35. ஒரு எம்எல் கிட்டத்தட்ட ஒரு கிராம், கணக்கு சரியா வருது. அன்னையில இருந்து ஒரு நோட்டு போட்டாச்சு, பெரிய பிரிண்டுக்கு முன்னாடி கழட்டி வச்சுப் பாப்பேன், 31க்கு வந்தா ஏத்திருவேன். கழட்டும்போது பித்தள கலர்ல இருக்கற அந்த காண்டாக்ட்டுல வெரல் படக்கூடாது. கலருக்கு மட்டும் தராசு பத்தாது, மொத்த எடதான் தெரியும், மூணுல எது கொறஞ்சதுன்னு சொல்லாது. எங்க லேபிள்ல மஞ்சளும் மெஜெண்டாவும்தான் சீக்கிரம் தீரும், நீலம் அப்படியே கெடக்கும். அதனால மூணு கலர்லயும் ஒவ்வொரு கட்டம் போட்ட ஒரு பக்கம் வச்சிருக்கேன், வாரம் ஒருக்க அடிச்சுப் பாப்பேன்.

மை வாங்கும்போது கவனிங்க. நல்லா வெவரம் தெரிஞ்ச ஒரு கடைக்காரர்தான் கேட்டாரு, “அண்ணே, உங்க கறுப்பு பிக்மெண்டா டையா, பாத்தியளா?” பிக்மெண்ட்னா நுணுக்குன பொடி கலந்த மை, தண்ணி பட்டா லேசுல கலங்காது; டைன்னா தண்ணில கரைஞ்ச சாயம். அது வர நான் பாக்கல. பிக்மெண்ட் ஊத்த வேண்டிய கறுப்புல டை ஊத்தித்தான் ஓட்டிகிட்டு இருந்திருக்கேன், ஈரக் கையோட பாட்டில பிடிச்சா லேபிள்ல உள்ள எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் (உணவு லைசென்ஸ் நம்பர்) கலங்கிப் போவும், காரணம் அதான். மாறி டை ஹெட்டுல பிக்மெண்ட் போனா அடைச்சுக்கிடும். கலர் டைதான், அதுக்கு வேற வழி இல்ல, லேபிளுக்கு மேல டிரான்ஸ்பரண்ட் டேப் ஒட்டிருவோம்.

நம்ம ஊருக்கு ஜூன்லயும் மழ, அக்டோபர்லயும் மழ. அப்பம் தேனும் இல்ல, பிரிண்டர தொடவும் மாட்டோம். மூணு மாசம் சும்மா கெடந்தா ஹெட்டுல மை காஞ்சிரும். டிஷ்யூவ எளஞ்சூடு தண்ணில நனைச்சு அதுமேல ஹெட்ட ஒரு ரெண்டு நிமிஷம் வச்சா பெரும்பாலும் தெறந்துக்கிடும். அத விட்டுட்டு பிரிண்டர்லயே ஹெட்ட சுத்தம் பண்ற டீப் கிளீனிங் திருப்பி திருப்பி குடுக்காதீங்க, மையும் போவும், அந்த மை எல்லாம் பிரிண்டர் அடில மைய உறிஞ்சுறதுக்கு உள்ள பேட்ல போய்த்தான் சேரும். பேட் நெறஞ்சா பிரிண்டர் நின்னுரும். அதுக்கும் ரீசெட் சாஃப்ட்வேர் கெடைக்குது, பேட மாத்தாம அத மட்டும் பண்ணா ஒரு நாள் மேசயெல்லாம் மை ஒழுவும், அத நான் பண்ணவே மாட்டேன். மழக்காலத்துல பேப்பரும் ஈரம் குடிச்சு வளஞ்சு மாட்டும், பேப்பர் கட்ட பிளாஸ்டிக் கவர்லயே வச்சிருங்க.

இப்ப ஓடுற கறுப்பு எட்டாவது தடவ ஏத்துனது, எழுத்து இன்னும் பளிச்சுன்னு இருக்கு. கலர் அஞ்சு தடவைலயே மஞ்சள் நடுவுல கோடு விட ஆரம்பிச்சுட்டு, எளஞ்சூடு தண்ணிக்கும் மசியல, அது ஹெட் தேஞ்சதுதான். சீசனுக்கு முன்னாடி கலர் மட்டும் புதுசு வாங்கணும், வாங்குன அன்னைக்கே பிரிச்சு எட போட்டு நோட்டுல எழுதிருவேன், இந்த தடவ ஃபுல் எட என்னன்னு மொதல்ல இருந்தே தெரியும்.